பாளையங்கோட்டைப் பக்கம் முதியோர் இல்லம்: கேமரா இருந்தால் போதுமா?

கேள்வி, 19.01.2025

அம்மாவுக்கு 78 வயது. அம்பாசமுத்திரம் வீட்டில் தனியாக இருக்கிறார்கள். சர்க்கரை உண்டு. போன மாசம் பாத்ரூமில் வழுக்கி விழுந்து கையில் கட்டு. நான் ஷார்ஜாவில் இருக்கிறேன். பாளையங்கோட்டைப் பக்கம் மூன்று ஹோம் விசாரித்து வைத்திருக்கிறேன். ஒன்றில் எல்லா அறையிலும் கேமரா, 24 மணி நேரமும் போனிலேயே பார்க்கலாம் என்கிறார்கள். கேமரா உள்ள இடமாகப் பார்த்துச் சேர்த்துவிட்டால் பாதுகாப்புக்குக் கவலை இல்லை என்று நினைக்கிறேன். சரிதானா?

19.01.2025, இரவு

இல்லை தம்பி. கேமரா இருப்பதில் தப்பில்லை, ஆனால் அதை வைத்து இல்லத்தை முடிவு செய்யாதீர்கள். நான் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வீடு பாளையங்கோட்டையில்தான். பிள்ளை இல்லாத என் பெரியம்மை கடைசிச் சில வருஷங்களை இந்தப் பக்கம் இரண்டு இல்லங்களில் கழித்தார்கள். ஒன்று பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. வாசலில் செடி, ஹாலில் பெரிய டிவி, தரையெல்லாம் பளபள டைல்ஸ். மற்றது பழைய ஓட்டுக் கட்டடம், ஆனால் நன்றாகப் பார்த்துக்கொண்டார்கள். இரண்டுக்கும் நடுவே என்ன வித்தியாசம் என்று நிறைய யோசித்திருக்கிறேன். எல்லாம் ராத்திரியில் இருந்தது.

போன் திரையில் அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருப்பது தெரியும். ஈரத்துணியோடு உட்கார்ந்திருப்பது தெரியாது. தட்டு வைத்தது தெரியும். மெல்ல முடியாமல் அப்படியே திரும்பிப் போன தட்டைப் பார்க்கிற நேரத்தில் நீங்கள் டூட்டியில் இருப்பீர்கள்.

மூன்று இடத்துக்கும் போன் போட்டு இதை மட்டும் கேளுங்கள்: ராத்திரி இரண்டு மணிக்கு அம்மா கூப்பிட்டால் யார் வருவார்கள்? அந்த ஆள் பகலிலும் வேலை செய்கிறவரா?

20.01.2025

ஒன்று விட்டுப்போச்சு. எல்லா அறையிலும் கேமரா என்கிறீர்கள். துணி மாற்றுவதும் டயப்பர் மாற்றுவதும் அந்த அறையில்தானே? உங்கள் போனில் தெரிவது வேறு யார் யார் போனில் தெரிகிறது? வராந்தா, ஹால், வாசல், அடுப்படி, இங்கெல்லாம் கேமரா இருக்கட்டும். கட்டிலுக்கு நேரே வேண்டாம்.

அப்புறம், ஹோமுக்கு வர அம்மாவுக்குச் சம்மதமா? அதை நீங்கள் எழுதவே இல்லை.

22.01.2025

"ராத்திரி எல்லாரும் தூங்கத்தானே செய்வார்கள், அப்படி என்ன நடந்துவிடும்" என்று ஒருத்தர் கேட்டிருக்கிறார். வயதானவர்கள் ராத்திரி முழுக்கத் தூங்குவதில்லை. ஒன்றுக்குப் போக எழுந்திருப்பார்கள், அதுவும் சர்க்கரை இருந்தால் கேட்கவே வேண்டாம். பெரியம்மைக்கு முதல் இல்லத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

இரண்டு மாடி. ராத்திரிக்கு ஒரே ஒரு ஆயா. காலையில் இட்லிக்கு அடுப்புப் பற்ற வைப்பதும் அதே அம்மாதான். அந்த உடம்பு பதினொரு மணிக்கு மேல் எப்படி முழித்திருக்கும்? பெரியம்மை கூப்பிட்டால் முதல் தடவை வருவாள். இரண்டாம் தடவை, "இப்பதான போனிய, பேசாமப் படுங்க ஆச்சி" என்று படுத்தபடியே குரல் கொடுப்பாள். பெரியம்மை ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியையாக இருந்தவர்கள். அடுத்தவரிடம் பேச்சு வாங்கிப் பழக்கமில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? சாயங்காலக் காப்பியை நிறுத்தினார்கள். நாலு மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார்கள். யாரிடமும் சொல்லவில்லை.

வயது ஏற ஏற தாகம் எடுப்பதே குறையும். அதற்கு மேல் வீம்புக்குத் தண்ணீரை நிறுத்தினால் மலச்சிக்கல், நீர்க்கடுப்பு, அப்புறம் சிறுநீரில் கிருமி. இளவயதுக்காரருக்குக் கிருமி வந்தால் எரிச்சலோ காய்ச்சலோ காட்டிக்கொடுக்கும். இவர்களுக்குப் பல சமயம் காய்ச்சலே வராது, புத்தி தடுமாறும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது, இறந்து எத்தனையோ வருஷமான பெரியப்பாவுக்குச் சோறு எடுத்து வைக்கச் சொல்கிறார்கள். வார்டன், "வயசாயிட்டுல்லா, அப்படித்தான் இருக்கும்" என்றார். சிறுநீர் டெஸ்ட் எடுத்தோம், கிருமி. மாத்திரை கொடுத்த சில நாளில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஏன் இளைத்துவிட்டாய் என்று கேட்டார்கள்.

நேற்று வரை தெளிவாக இருந்தவர் இன்று உளறினால் அது முதுமை இல்லை. ஒரு நோய். அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும். இதை எந்த இல்லத்திலும் சண்டை போட்டாவது கேளுங்கள்.

23.01.2025

நேற்று எழுதியதை அந்த ஆயா மேல் குற்றமாக யாரும் எடுக்க வேண்டாம். பகலும் ராவும் ஒரே ஆளை வைத்தது நிர்வாகம். அவள் கைப்பக்குவத்தில் தனக்கென்று ஒரு ரசம் வைத்து, அதில் பாதியைப் பெரியம்மைக்குக் கொண்டு வந்து கொடுத்ததும் எனக்குத் தெரியும்.

26.01.2025

படுக்கையில் இருப்பவர்களைப் பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், இதில்தான் கூச்சப்பட்டுப் பலர் பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள்.

படுக்கைப்புண் எங்கே வரும் என்றால், எலும்பு தோலை முட்டுகிற இடத்தில். முதுகுத்தண்டு முடியும் இடம், இடுப்பின் இரண்டு பக்கம், குதிகால், தோள்பட்டை, பின்மண்டை. புத்தகத்தில் "சிவந்திருக்கும்" என்று எழுதியிருக்கும். நம் நிறத்துக்குச் சிவப்பு அவ்வளவு சீக்கிரம் கண்ணுக்குத் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கருத்தோ ஊதாவாகவோ இருக்கிறதா, தொட்டால் சூடாக இருக்கிறதா, கெட்டியாக இருக்கிறதா என்று பாருங்கள். விரலால் அழுத்தி எடுங்கள். அழுத்திய இடம் வெளுத்துவிட்டுத் திரும்ப நிறம் வந்தால் சரி. வெளுக்கவே இல்லை என்றால் உள்ளே புண் தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது. ஸ்பிரிட் போட்டுத் தேய்ப்பது, பவுடர் கொட்டுவது எல்லாம் பழைய வழக்கம், தோலை இன்னும் கெடுக்கும்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்பதுதான் ஆஸ்பத்திரியில் நாங்கள் படித்த கணக்கு. ராத்திரி பத்து, பன்னிரண்டு, இரண்டு, நாலு. எப்படிப் பார்த்தாலும் ராத்திரி ஆளிடம் வந்துதான் நிற்கிறது. ஏர் பெட், அதாவது மோட்டாரில் காற்று ஏறுகிற மெத்தை, போட்டிருக்கிறோம், அது போதும் என்பார்கள். ஏர் பெட் உதவும், புரட்டுகிற வேலையை அது செய்யாது. கரண்ட் போய்விட்டால் அதுவும் இல்லை. இன்னொன்று, மேலே நகர்த்தும்போது கக்கத்தில் கை கொடுத்து இழுப்பார்கள். தோல் விரிப்பில் உரசிக் கிழியும். இரண்டு பேர் நின்று விரிப்போடு தூக்க வேண்டும். இரண்டு பேர் என்று சொல்கிறேன், கவனியுங்கள்.

பார்க்கப் போகும்போது போர்வையை விலக்கிக் குதிகாலைப் பாருங்கள். இடுப்பைப் பார்க்க உங்களுக்கும் அவருக்கும் சங்கடமாக இருக்கலாம், குதிகாலைப் பார்க்க என்ன சங்கடம்? அங்கே தோல் நன்றாக இருந்தால் மற்ற இடத்தையும் யாரோ கவனிக்கிறார்கள் என்று பெரும்பாலும் நம்பலாம். மகன்கள் இதைச் செய்யலாம், மருமகளை அனுப்பிக்கொண்டிருக்க வேண்டாம்.

02.02.2025

வள்ளியூர்க்காரர் எழுதியதைப் படித்தேன். அவருடைய அப்பா இருந்த இடத்தில் வராந்தா கேமராவை ராத்திரி ஒரு மணியிலிருந்து ஐந்து மணி வரை ஓட்டிப் பார்த்தாராம். ஒருத்தர்கூட அந்த வழியாக நடக்கவில்லை. அதைக் காட்டிக் கேட்ட பிறகுதான் இரண்டாவது ஆளைப் போட்டிருக்கிறார்கள். கேமராவுக்கு இப்படி ஒரு உபயோகம் இருப்பதை ஒத்துக்கொள்கிறேன். பகலில் அம்மா முகத்தைப் பார்க்கிறதற்கு வீடியோ கால் இருக்கிறது. வராந்தா கேமராவில் ராத்திரியைப் பாருங்கள்.

09.02.2025

ராத்திரி ஆள் இல்லாத இடத்தில் வேறொன்று நடக்கும். தூக்க மாத்திரை.

எல்லா இடத்திலும் என்று சொல்லவில்லை. "எங்க தாத்தா இங்க வந்தப்புறம் நல்லாத் தூங்குறாவ" என்று ஒரு தங்கச்சி சந்தோஷமாக எழுதியிருப்பதைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. பகலிலும் தூங்கி வழிகிறாரா, நாக்குக் குழறுகிறதா, சோறு வாயிலேயே நிற்கிறதா என்று பாருங்கள். மாத்திரைச் சீட்டையும் அட்டையையும் வாங்கி நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். டாக்டர் எழுதாத மாத்திரை எதுவாக இருந்தாலும் யார் கொடுக்கச் சொன்னது என்று கேளுங்கள். தூக்க மாத்திரை போட்ட வயதானவர் ராத்திரி எழுந்தால் விழுவார். விழுந்தால் இடுப்பு எலும்பு. அதற்கப்புறம் படுக்கை, படுக்கைப்புண், நெஞ்சுச் சளி.

கையைக் கட்டிலோடு வேட்டித் துணியால் கட்டுவதையும் பார்த்திருக்கிறேன். மூக்குக் குழாயைப் பிடுங்கிவிடுவார் என்று காரணம் சொல்வார்கள். கட்டினால் இன்னும் திமிறுவார், மணிக்கட்டு புண்ணாகும், விழுந்தால் கழுத்தே சிக்கும். பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்தால் கட்ட வேண்டிய அவசியமே வராது. கட்டிலுக்குக் கம்பி வைத்திருக்கிறோம் என்பார்கள். தெளிவில்லாதவர் கம்பி மேல் ஏறி விழுந்தால் இன்னும் உயரத்திலிருந்து விழுவார்.

உருண்டு விழுகிற பழக்கம் உள்ளவருக்குக் கட்டிலே வேண்டாம் என்பது என் கருத்து. நம் ஊர்க்காரர்கள் வாழ்நாள் முழுக்கப் பத்தமடைப் பாயில் படுத்தவர்கள். தரையில் ஒரு மெத்தை, மேலே பாய். இரண்டாவது இல்லத்தில் பெரியம்மைக்கு அப்படித்தான் போட்டார்கள். ஆனால் தரையிலிருந்து தூக்கிவிட ஆள் வேண்டும். முழங்கால் வலிக்காரர்களுக்கு இது சரிவராது. அவர்களுக்கு உட்கார்ந்தால் பாதம் தரையில் முழுசாகப் படுகிற உயரத்தில் கட்டில்.

10.02.2025

சர்க்கரைக்காரர்களுக்கு ஒரு வரி. இன்சுலின் போட்டுவிட்டு "இந்தா இட்லி வருது" என்று முக்கால் மணி நேரம் உட்கார வைக்கக் கூடாது. சுகர் இறங்கி வியர்த்து மயங்குவார்கள். சாப்பாட்டு நேரத்தையும் ஊசி நேரத்தையும் சேர்த்துக் கேளுங்கள்.

23.02.2025

பதிவு, பணம், காகிதம். கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள், சொல்லிவிடுகிறேன். எனக்கு இதில் பெரிய ருசியில்லை.

மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பதிவு செய்த சான்றிதழைக் கேளுங்கள், தேதியைப் பாருங்கள். சேர்க்கும்போது ஒரு ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்து வாங்குவார்கள். "எது நடந்தாலும் நிர்வாகம் பொறுப்பல்ல" என்று அதில் இருந்தால், அந்த வரியை அடிக்கச் சொல்லிவிட்டுப் போடுங்கள். ஏடிஎம் கார்டு, பென்ஷன் புத்தகம், ஒரிஜினல் ஆதார் எதையும் இல்லத்தில் விட வேண்டாம், நகல் போதும். கொடுக்கிற ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது. புகார் என்றால் சமூக நல அலுவலகம், அல்லது முதியோர் உதவி எண் 14567. ராத்திரி உடம்புக்கு அவசரம் என்றால் 108.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. குறைந்த காசு வாங்குகிற இடமாகத் தேடுகிறோம். அந்தக் காசில் யாருடைய சம்பளம் குறைகிறது என்று கேட்பதில்லை. மலம் அள்ளிக் குளிப்பாட்டித் துணி மாற்றுகிற பெண்ணுக்கு ஜவுளிக்கடையில் நிற்கிற பெண்ணைவிடக் குறைவாகக் கொடுத்தால் அவள் ஏன் நிற்பாள்? மாசத்துக்கு ஒரு புது ஆயா வந்தால், யாருக்கு எந்தக் காது கேட்கும், யாருக்குக் கஞ்சியை எவ்வளவு ஆற்ற வேண்டும் என்பது யாருக்குத் தெரியும்? இல்லத்தைப் பார்க்கப் போகும்போது ஆயாவிடம், "எத்தனை வருஷமா இங்க இருக்கீங்க அக்கா" என்று கேளுங்கள். மேனேஜர் பக்கத்தில் இல்லாதபோது கேளுங்கள்.

24.02.2025

கஞ்சி என்றதும் ஞாபகம் வந்தது. படுத்த நிலையில் ஊட்டக் கூடாது. நிமிர்த்தி உட்கார வைத்து, சின்னக் கரண்டியில், முன்னது விழுங்கியதைப் பார்த்து அடுத்தது. ஊட்டி முடித்து அரை மணி நேரமாவது சாய்ந்த மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும். அவசரமாக ஊற்றினால் கஞ்சி நுரையீரலுக்குப் போகும், நிமோனியா வரும். பத்துப் பேருக்கு ஒருத்தி ஊட்டினால் அவசரம் வராமல் என்ன செய்யும்? சாப்பாட்டு நேரத்தில் போய் நில்லுங்கள். விசிட்டிங் நேரம் நாலு முதல் ஆறு மட்டும் என்று போர்டு வைத்த இடமாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

பல் செட்டும் கண்ணாடியும் மாறிப்போவது பெரிய கொடுமை. இரண்டாவது இல்லத்தில் ஒவ்வொருவர் கண்ணாடிக் காம்பிலும் ஒரு நிறத்தில் நூல் சுற்றியிருந்தார்கள். பெரியம்மைக்குப் பச்சை. டம்ளர் அடியிலும் அதே நிறத்தில் நகப்பூச்சு ஒரு பொட்டு. எழுதப் படிக்கத் தெரியாத ஆச்சிமாரும் தன் சாமானைத் தானே எடுத்துக்கொள்வார்கள். யாரோ ஒரு ஆயா யோசித்துச் செய்தது, ஒரு காசு செலவில்லை.

09.03.2025

மாடியா கீழ்த்தளமா என்று கேட்டிருக்கிறீர்கள். கீழ்த்தளம் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொல்லிவந்தேன், 2023 டிசம்பர் வரை.

அந்த 17, 18 தேதிகளை நம் ஊர்க்காரர்கள் மறக்க மாட்டார்கள். தாமிரபரணி கரைமீறி திருநெல்வேலி ஜங்ஷன், வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம் எல்லாம் தண்ணீர். கலெக்டர் ஆபீஸ் வளாகத்துக்குள்ளேயே வெள்ளம். எனக்குத் தெரிந்த ஒரு இல்லத்தில் கீழ்த்தளத்துக் கட்டில்களைத் தண்ணீர் தொடுகிற நேரத்தில், பக்கத்துத் தெருப் பையன்கள் வந்து, பெரியவர்களை பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கி மாடியில் ஏற்றினார்கள். கரண்ட் இல்லை, போன் இல்லை. ஏர் பெட் சப்பிவிட்டது. மாத்திரைப் பெட்டிகள் நனைந்து, எந்த மாத்திரை யாருடையது என்று தெரியவில்லை. அந்தப் பையன்கள் இல்லை என்றால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

அதனால் இப்படிக் கேளுங்கள். அந்த வெள்ளத்தில் இந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு வந்தது? இல்லத்தில் கேட்காதீர்கள், எதிர்த்த பெட்டிக்கடையில் கேளுங்கள். நடக்க முடியாதவர்களை மாடிக்கு ஏற்ற யார் இருக்கிறார்கள்? படி அகலமா? இன்வெர்ட்டர் எத்தனை மணி நேரம் தாங்கும்? மாத்திரை விவரம் ஒரு நகல் உங்கள் போனில் இருக்கட்டும். மேடான இடத்தில் கீழ்த்தளம் கிடைத்தால் அதுதான் நல்லது.

30.03.2025

வெயில் ஏறிவிட்டது. ஓட்டுக் கட்டடம் நன்றாக இருந்தது என்று எழுதியிருந்தேன், ஓடு என்பதால் தாங்கியது. ஆஸ்பெஸ்டாஸ் போட்ட மொட்டைமாடி அறையில் பெரியவர்களைப் படுக்க வைக்கிற இடத்துக்குச் சித்திரையில் மத்தியானம் இரண்டு மணிக்குப் போய்ப் பாருங்கள், ஐந்து நிமிஷம் நிற்க முடியாது. இந்த மாதங்களில் கேட்காமலே தண்ணீரும் மோரும் கையில் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். சொம்பில் வைத்துவிட்டுப் போனால் குடிக்க மாட்டார்கள். இருதயம், கிட்னி கோளாறுக்குத் தண்ணீர் அளவு சொல்லப்பட்டவர்கள் டாக்டர் சொன்ன அளவிலேயே இருக்கட்டும்.

மத்தியானம் வடித்த சோறு ராத்திரி வரைக்கும் அண்டாவிலேயே இருந்தால் இந்த வெயிலில் கிருமி பெருகிவிடும், சுட வைத்தாலும் அதன் விஷம் போகாது. நமக்கு இரண்டு தடவை வயிற்றோட்டம் ஆனால் எழுந்துவிடுவோம். எண்பது வயதுக்கு அதுவே உயிருக்கு ஆபத்து. மேல்தொட்டி கடைசியாக எப்போது கழுவினார்கள் என்று கேளுங்கள். முடிந்தால் ஏறிப் பாருங்கள். கல்யாண வீட்டில் மிஞ்சிய சாப்பாட்டை இல்லத்துக்குக் கொடுத்து அனுப்புவதைப் புண்ணியம் என்று நினைக்கிறோம். தயவு செய்து சமைத்து நாலைந்து மணி நேரமானதை அனுப்பாதீர்கள். அரிசியாக, பருப்பாக, உளுந்தாகக் கொடுங்கள். உளுந்தங்கஞ்சி வைத்துக் கொடுத்தால் எல்லாரும் குடிப்பார்கள்.

12.04.2025

நேற்று பங்குனி உத்திரம். எங்கள் குலதெய்வம் சாஸ்தா கோயிலுக்குப் போகிற வழியில், பெரியம்மை இருந்த இரண்டாவது இல்லத்தில் இறங்கி இரண்டு ஆச்சிகளைக் கூட்டிக்கொண்டு போனோம். நம் பக்கத்தில் வேறு எந்தத் திருநாளுக்கு இல்லாவிட்டாலும் உத்திரத்துக்குச் சாஸ்தாவைப் பார்க்காமல் இருக்க மாட்டார்களே. ஒரு ஆச்சிக்குத் தன் சாஸ்தா எந்த ஊர் என்பது ஞாபகமில்லை. பொங்கப் பானையைப் பார்த்ததும், "எங்க கோயில்ல சக்கரைப் பொங்கல் கெடையாதுட்டி, வெண்பொங்கல்தான்" என்று சரியாகச் சொன்னாள். திரும்பும்போது வெற்றிலை வாங்கித் தரச் சொல்லி, வாய் சிவக்க இறங்கினாள். வார்டன் அம்மா முறைத்துவிட்டுச் சிரித்துவிட்டார்கள்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், கேட் பூட்டுவது பற்றி இங்கே சண்டை நடக்கிறது. பூட்டிய கேட் உள்ள இடம் வேண்டாம் என்பதுதான் என் முதல் எண்ணமாக இருந்தது. மறதி நோய் உள்ளவர்கள் சாயங்காலம் ஆனால் "வீட்டுக்குப் போகணும்" என்று கிளம்புவார்கள். பைபாஸில் லாரி வருகிறது, அவர்களை எப்படித் திறந்து விடுவது? அதனால் பூட்டு இருக்கட்டும். ஆனால் உள்ளே நடக்க முற்றம் வேண்டும், சட்டைப்பையிலோ சேலை முடிச்சிலோ பெயரும் போன் நம்பரும் எழுதிய அட்டை வேண்டும். தெளிவாக இருப்பவர்களுக்கு அந்தப் பூட்டு பொருந்தக் கூடாது. அவர்கள் கடைக்கு, கோயிலுக்கு, பேங்குக்குச் சொல்லிவிட்டுப் போகலாம், வரலாம். தெளிவாக இருக்கிறவர் யாரும் கேட்காத தூரத்தில் நின்று பிள்ளைகளிடம் போனில் பேச முடியவில்லை என்றால் அந்த இடத்தில் விட்டுவைக்காதீர்கள்.

20.04.2025

சட்டம் பற்றி. நாங்குநேரிப் பக்கத்திலிருந்து ஒரு அண்ணாச்சி எழுதியிருக்கிறார். வீட்டை மகன் பெயருக்கு எழுதிக் கொடுத்தார், இப்போது இவரை ஹோமில் விட்டுவிட்டு மகன் பணமும் கட்டவில்லை, வரவும் இல்லை.

அண்ணாச்சி, 2007இல் வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. கோட்டாட்சியர் ஆபீஸில் மனு கொடுங்கள், தீர்ப்பாயம் அங்கேதான். மாசம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகைக்கு உத்தரவு போடலாம். செட்டில்மென்ட் பத்திரத்தில் உங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை இருந்து, அவர் செய்யவில்லை என்றால், 23ஆம் பிரிவின்படி அந்தப் பத்திரத்தையே செல்லாததாக்கக் கேட்கலாம். பத்திரத்தை எடுத்துக்கொண்டு போங்கள். இனிமேல் எழுதப்போகிறவர்கள் அந்த நிபந்தனையை எழுத்தில் வைக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பிள்ளை மேல் நம்பிக்கை இருந்தாலும் எழுதுங்கள்.

இல்லத்துக்காரர்களிடமும் ஒன்று கேட்கிறேன். பணம் நின்றுபோனவர்களுக்குப் பாலை நிறுத்துவது, கட்டிலை மூலைக்கு மாற்றுவது, இதெல்லாம் நடக்கிறது. மகன் செய்ததற்கு அந்தப் பெரியவர் என்ன செய்வார்?

21.04.2025

கேள்வி கேட்ட தம்பிக்கு. மூன்று மாசமாக எழுதிக்கொண்டிருக்கிறேன், இதை முதலிலேயே கேட்டிருக்கலாம். அம்மாவுக்கு ஹோம் வேண்டுமா? நடக்கிறார்கள், சமைக்கிறார்கள், ஒரு தடவை விழுந்தார்கள். பாத்ரூமில் கைப்பிடிக் கம்பி, வெளியிலிருந்தும் திறக்கிற தாழ்ப்பாள், ராத்திரி எரிகிற சின்ன லைட், கூடப் படுத்துக்கொள்ள ஒரு அம்மா. மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள், 2021லிருந்து நடக்கிறது. இதெல்லாம் செய்தும் சரிவராது என்றால் ஹோம். எனக்கு எல்லா ஹோமும் மோசம் என்ற எண்ணம் கிடையாது. வீட்டில் ஓர் அறையில் தனியாகப் பூட்டிவைத்துச் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டுப் போன பிள்ளைகளையும் பணியில் பார்த்திருக்கிறேன்.

04.05.2025

தம்பி லீவில் வந்திருக்கிறார். வியாழக்கிழமை அவரும் நானும் அவருடைய அம்மாவும் மூன்று இடத்துக்கும் போனோம். பகலில் ஒரு தடவை, ராத்திரி ஒன்பதரைக்கு ஒரு தடவை, சொல்லாமல்.

எல்லா அறையிலும் கேமரா என்ற இடத்தில் ராத்திரி மணி அடித்துக் கேட் திறக்கவே ரொம்ப நேரமாயிற்று. வாட்ச்மேன் மட்டும்தான் இருந்தார். உள்ளே ஒரு தாத்தா கூப்பிட்டுக்கொண்டே இருந்தார், எங்களோடு பேசியபடியே வாட்ச்மேன் அதைக் கவனிக்கவில்லை. இரண்டாவது இடத்தில் ராத்திரி ஆள் உண்டு, ஆனால் படி செங்குத்து, படுக்கைகள் எல்லாம் மாடியில். மூன்றாவது இடத்தில் கதவைத் திறந்த பெண்ணின் கையில் டார்ச்சும் ஒரு நோட்டும் இருந்தது. பார்க்கலாமா என்று கேட்டோம். பத்து மணி, பன்னிரண்டு மணி என்று கட்டம் போட்டு, யாரைப் புரட்டினோம், யார் ஒன்றுக்குப் போனார்கள், யார் தண்ணீர் கேட்டார்கள் என்று முந்தைய நாள் வரை எழுதியிருந்தது. ஒரே பேனாவில் ஒரே மூச்சில் எழுதினதாகவும் தெரியவில்லை. ஒரு கட்டத்தில் "ஆச்சி அழுதாவ, பக்கத்துல இருந்தேன்" என்று இருந்தது. பகலில் இந்தப் பெண் இல்லை, வேறு இரண்டு பேர்.

அம்மா எல்லாவற்றையும் பார்த்துவிட்டு மகனிடம், "ஒரு மாசம் இருந்து பாக்கேன். பிடிக்கலேன்னா ஒரு வார்த்தை கேக்காம கூட்டிட்டு வந்துரணும்" என்றார்கள். அம்பாசமுத்திரம் வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது என்பதும் அவர்கள் போட்ட நிபந்தனை. தம்பி ஒத்துக்கொண்டார். பாத்ரூம் கைப்பிடி தளர்வாக இருந்தது, சேருவதற்கு முன் மாற்றித் தருகிறோம் என்றார்கள். நான் போய்ப் பார்த்து எழுதுகிறேன்.

05.05.2025

கைப்பிடி மாற்றிவிட்டார்கள். இழுத்துத் தொங்கிப் பார்த்தேன், அசையவில்லை.

தம்பி பதினெட்டாம் தேதி ஷார்ஜாவுக்குக் கிளம்புகிறார். அதற்கப்புறம் வாரத்தில் ஒரு நாள் நான் போவேன், கிழமையும் நேரமும் சொல்ல மாட்டேன். எனக்கு முடியாத வாரத்துக்கு அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, பாளையங்கோட்டைப் பக்கம் உள்ளவர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்தால் நன்றாக இருக்கும். அந்த அம்மாவுக்கு மட்டும் என்று போக வேண்டாம், யாரும் வராத நாலைந்து பேர் அங்கே இருக்கிறார்கள். வர விருப்பமுள்ளவர்கள் தனிச்செய்தி அனுப்புங்கள், சாப்பாட்டு நேரத்தில் வருகிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள்.